நாமினல் ரோலில் இல்லாத பெயர்கள்

மே மாதம் வந்தால் என் மேஜையில் இரண்டு தாள்கள் சேரும். ஒன்று, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் பள்ளிவாரியாகப் போட்ட பட்டியல். மற்றது, பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புப் படிவம். அதிகாரி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் முதல் தாளை வைத்துத்தான் பள்ளிகளை ஒப்பிடுவார்கள். இரண்டாவது தாள் கோப்புக்குள் போய்விடும். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்ததால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னால் முடிந்தது. பார்த்ததை எழுதுகிறேன். குறை சொல்லும் இடத்தில் எந்தப் பள்ளியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அங்கே இன்றைக்கு வேறு தலைமையாசிரியர்கள், வேறு பிள்ளைகள்.

கணக்கெடுப்புக்காக நாங்கள் நடந்த ஊர்களில் சடையங்குப்பம் ஒன்று. மணலியின் ஆலைகள் ஒரு பக்கம், எண்ணூர்க் கழிமுகம் மறுபக்கம். பூண்டி ஏரியில் உபரி நீரைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றங்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை போகுமே, அந்த வரிசையில் சடையங்குப்பத்தின் பெயர் தவறாமல் இருக்கும். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய பர்மா நகர், இருளர் குடியிருப்பு, பழைய ஊர் என்று தனித்தனிப் பகுதிகள். சுற்றிலும் கன்டெய்னர் யார்டு, டேங்கர் லாரி, உரத் தொழிற்சாலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. சென்னையில் இருக்கிறோம் என்பதை இங்கே பலருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கும். 2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே இழுக்கப்பட்ட 25 ஊராட்சிகளில் இதுவும் ஒன்று.

குப்பை வண்டி மாநகராட்சியிலிருந்து வர ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் மட்டும் திருவள்ளூர் மாவட்டக் கணக்கிலேயே நின்றது. 2018-ல் திருவொற்றியூர், மாதவரம், அம்பத்தூர் பகுதிகள் வருவாய் நிர்வாகத்தில் சென்னை மாவட்டத்துக்கு வந்தன. அதற்கும் சில ஆண்டுகள் கழித்துத்தான் விரிவாக்கப் பகுதிகளின் 139 பள்ளிகளை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். அதுவரை மாநகராட்சி நடத்தி வந்தவை 281. புதிதாக வந்த 139-ல் பெரும்பாலானவை தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும்தான். அதனால் எட்டு வரை ஒரு நிர்வாகம், ஒன்பதிலிருந்து வேறொரு நிர்வாகம் என்று ஆகிற பிள்ளைகள் உண்டு. எட்டாம் வகுப்பு டி.சி.யைக் கொடுத்த தலைமையாசிரியருக்கு அந்தப் பிள்ளை எங்கே சேர்ந்தது என்று கேட்கும் கட்டாயம் இருப்பதில்லை. அடுத்த பள்ளிக்கோ, யார் வரவில்லை என்றே தெரியாது.

பட்டியலிலும் இதே குழப்பம். மணலிப் பக்கத்துப் பள்ளிகள் பல காலம் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பள்ளிகளோடு ஒரே பட்டியலில் நின்றன. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரும் தண்டையார்பேட்டை, ராயபுரத்து மாநகராட்சிப் பள்ளிகள் வேறு பட்டியலில் இருந்தன. ஒரே லாரிச் சாலையின் புகையை மூச்சில் வாங்கும் இரண்டு பள்ளிகளை யாரும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டி ஏரிக்கரைப் பள்ளியைவிட நீங்கள் ஏன் இரண்டு விழுக்காடு குறைவு என்ற கேள்வி மட்டும் கூட்டத்தில் வரும்.

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேர்வு முடிவு வந்த சில நாட்களில் மாவட்ட அளவில் ஆய்வுக் கூட்டம் நடக்கும். மாவட்ட சராசரிக்குக் கீழே போன பள்ளியின் தலைமையாசிரியர் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். தலை நரைத்த மனிதர்கள், பணி ஓய்வுக்குச் சில மாதமே இருப்பவர்கள், கையில் பாடவாரிப் பகுப்பாய்வுத் தாளோடு நின்று தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நூறு விழுக்காடு எடுத்தவருக்குக் கைத்தட்டலும் சான்றிதழும். 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்கு அது நல்லதுதான். பள்ளிகளுக்கு இடையிலான ரேங்க் மட்டும் இந்த அறைக்குள் பத்திரமாகப் பிழைத்துக்கொண்டது. கொரோனா காலத்தில், 2020-லும் 2021-லும் பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் தேர்ச்சி கொடுத்தார்கள். மாநிலத்தில் ஒரு பள்ளி பாக்கியில்லாமல் நூறு விழுக்காடு. அந்த வருடங்களில் யாரும் யாரையும் நிற்க வைக்கவில்லை.

இந்த நூறு விழுக்காடு எப்படி வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெரும்பாலும் ஆசிரியர்களின் உழைப்பால் வருகிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மெல்லக் கற்போர் பட்டியல் போட்டு, மாலை வகுப்பு வைத்து, சொந்தக் காசில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, சனிக்கிழமையும் வந்து தேற்றிய ஆசிரியர்கள் எத்தனையோ பேர். ஆனால் விழுக்காடு என்பது இரண்டு எண்களின் கணக்கு. தேர்ச்சி பெற்றவர்களை ஏற்றினாலும் அது ஏறும். தேர்வு எழுதுபவர்களைக் குறைத்தாலும் ஏறும். இரண்டாவது வழி சுலபம்.

பொதுத்தேர்வு எழுதப்போகிறவர்களின் பெயர்களைத் தேர்வுத் துறைக்கு அனுப்பும் பட்டியலை நாங்கள் நாமினல் ரோல் என்போம். அதில் பெயர் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, முடிவுப் பட்டியலிலும் அந்தப் பிள்ளை கிடையாது. முறத்தில் புடைத்து நொய்யைத் தள்ளியபின் மிச்சத்தைக் காட்டி ‘என் அரிசியில் நொய்யே இல்லை’ என்று சொல்ல யாராலும் முடியும். அந்தப் புடைத்தல் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும். எட்டு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது, ஒன்பதில் நிறுத்தலாம். பெயிலாக்கப்பட்ட பையன் அதே வகுப்பில் மறுபடி உட்கார மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் அரையாண்டுக்கு முன்னும் பின்னும் இன்னொரு முறை. வருகைப் பதிவு குறைவு என்று அப்பாவைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு பிரைவேட்டாக எழுதச் சொல்லுங்கள் என்று பக்குவமாகப் பேசுவார்கள். கையெழுத்து அப்பாவுடையதாக இருக்கும். ஆகவே அது ‘பெற்றோர் விருப்பம்’.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஆகஸ்ட் 1-ஆம் தேதி பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஆசிரியர் பணி நிர்ணயம் நடக்கும். எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரி. வேறு பள்ளிக்குப் போக வேண்டியதுதான். ஆகவே ஆகஸ்ட்டில் அந்தப் பையனின் பெயர் பள்ளிக்கு வேண்டும். நாமினல் ரோல் போகும்போது அதே பெயர் வேண்டாம். ஒரே பிள்ளை ஐந்தாறு மாத இடைவெளியில் சொத்தாகவும் சுமையாகவும் ஆவது இப்படித்தான். இதைச் செய்த தலைமையாசிரியர்களைக் கெட்டவர்கள் என்று நான் நினைத்ததில்லை. இரண்டு தேதிகளில் இரண்டு விதமாகக் கணக்குக் கேட்டால் அவர்களும் இரண்டு விதமாகத்தான் கணக்குக் காட்டுவார்கள்.

கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளியில் 30 பேர் எழுதி 30 பேரும் தேர்ச்சி: நூறு விழுக்காடு, கைத்தட்டல். பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் 280 பேர் எழுதி 246 பேர் தேர்ச்சி: ஏறக்குறைய 88, எழுந்து நில்லுங்கள். இப்போது முந்தைய கல்வியாண்டின் ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டைப் புரட்டுங்கள். சின்னப் பள்ளியில் சேர்ந்தவர்கள் 44, பெரிய பள்ளியில் 295 என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்தவர்களில் தேறியவர்கள் சின்னப் பள்ளியில் 68 விழுக்காடு, பெரிய பள்ளியில் 83. வரிசை தலைகீழ். நான் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். இதைச் செய்து பார்க்க ஒரு பழைய பதிவேடும் ஒரு பென்சிலும் போதும்.

இந்த வித்தியாசத்தில் விழுந்தவர்களைத்தான் சடையங்குப்பத்தில் வீடு வீடாகச் சந்தித்தேன். கணக்கெடுப்புக்குப் போனால் முதலில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ஒரு வீட்டில் அம்மா சொன்னார்: “படிக்கிறான் மிஸ். பேரு ஸ்கூல்ல கீது.”

“எத்தனாவதும்மா?”

“பத்து.”

“இன்னிக்கு ஸ்கூலுக்குப் போனானா?”

அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்தார். அவர்தான் பதில் சொன்னார்: “அவன் எங்க மிஸ் போறான், யார்டுல கிளீனரா நிக்கிறான். டி.சி. குத்துட்டாங்கோ. பிரைவேட்ல எழுதுன்னு சொல்லிக்கினாங்கோ.”

எழுதினானா? இல்லை. தனித்தேர்வராக விண்ணப்பிக்க எங்கே போக வேண்டும், எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எமிஸ் என்ற இணையப் பதிவேட்டில் அவன் பெயரைத் தேடினேன். பள்ளி விடுவித்த பெயர்கள் காமன் பூல் என்ற பொதுத் தொகுப்பில் போய் நிற்கும். இன்னொரு பள்ளி இழுத்துச் சேர்த்துக்கொண்டால்தான் அங்கிருந்து நகரும். அவன் பெயரும் அங்கேதான் நின்றது. அவனை விடுவித்த பள்ளி அந்த வருடம் நூறு விழுக்காடு எடுத்து, முகப்பில் டிஜிட்டல் பேனர் வைத்திருந்தது. பேனரில் பிள்ளைகளின் படங்கள் வரிசையாக, மதிப்பெண்ணோடு.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. டி.சி. கொடுக்காமல் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுக்க 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வரவில்லை என்று செய்தி வந்தபோது ஊரெல்லாம் அதிர்ந்தது. எங்களுக்கு அதிர்ச்சி இல்லை. பதினொன்றாம் வகுப்பிலேயே நின்றுவிட்டவர்களின் பெயரும் அதில் இருந்தது. எத்தனை பேர் வராமல் போனார்கள் என்று ஒரு நாள் நாடே பார்த்தது நல்லதுதான். தேர்ச்சி விழுக்காடு போடும்போது இவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். எழுதியவர்களில் எத்தனை பேர் என்பதுதான் அங்கே கேள்வி.

இது நம்மூர்க் குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரப் பள்ளி மாவட்டம் இடைநிற்றலைப் பெருமளவு குறைத்துவிட்டதாக ஒரு காலத்தில் பெரிய பேர் வாங்கியது. அங்கே ஷார்ப்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளி ஒரு வருடம் இடைநின்றவர் ஒருவர்கூட இல்லை என்று கணக்குக் கொடுத்தது. 2003-ல் அந்தப் பள்ளியின் துணை முதல்வரே அது பொய் என்று வெளியில் சொன்னார். மாநிலத் தணிக்கை நடந்தது. ஆய்வு செய்த பள்ளிகளை விட்டுப் போன சுமார் 5,500 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களை இடைநின்றவர்களாகக் கணக்கிட்டிருக்க வேண்டும், கணக்கிடவில்லை என்று தெரிந்தது. வேறு பள்ளிக்குப் போனார், தனியாகத் தேர்வு எழுதப் போனார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணக் குறியீடு போட்டிருந்தார்கள். எங்கள் ‘பெற்றோர் விருப்பம்’ அங்கேயும் இருந்திருக்கிறது.

விழுக்காட்டுக்காகப் பள்ளிகள் எதையெல்லாம் வளைக்கும் என்பதற்கு நம்மூரில் பதினொன்றாம் வகுப்பே ஓர் உதாரணம். பிளஸ் டூ விழுக்காட்டுக்காகப் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலேயே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை நடத்திய பள்ளிகள் ஏராளம். அதைத் தடுக்க 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-26 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். என் கருத்தைக் கேட்டால், எடுத்ததில் தவறில்லை. ஒப்பிடும் முறையை மாற்றாமல் தேர்வை மட்டும் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தால் பயனில்லை.

பெற்றோர் எப்படி ஒப்பிடுகிறார்கள் என்பது தனிக் கதை. ஜூன் மாதத்தில் எட்டு முடித்த பிள்ளையோடு வந்து, “எந்த ஸ்கூல்ல போடலாம் மிஸ்?” என்று கேட்பார்கள். திருவொற்றியூர்ப் பெரிய பள்ளிகள் நாலைந்தின் பெயர் வரும். பெண் பிள்ளை என்றால் ஜெய்கோபால் கரோடியா அரசு மகளிர் பள்ளி. பழைய பேர் உள்ள பள்ளி வேண்டும் என்றால் வெள்ளையன் செட்டியார் பள்ளி. மணலி, மணலி புதுநகர் கிட்டே. நான் விழுக்காட்டைச் சொல்ல வாயெடுப்பேன். அவர்கள் கேட்பதோ வேறு.

“பஸ்ஸை வுட்டா இன்னொண்ணு எப்போ மிஸ்?”

“பாத்ரூம்ல தண்ணி வருமா? போன ஸ்கூல்ல இது காலைலருந்து சாயந்தரம் வரைக்கும் தண்ணியே குடிக்காது மிஸ். குடிச்சா போவணுமேன்னு.”

இந்தக் கேள்வியைக் கேட்ட தாய்க்கு ஆய்வுக் கூட்டத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் நிற்பதற்குப் பாடம் புரியாதது மட்டும் காரணமாக இருந்ததில்லை. மணலி விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரண்டு வரிசையாக நிற்கும்போது சைக்கிளோ பிள்ளையோ ஓரமாகப் போக இடமிருக்காது. அரசின் விலையில்லா சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கிறது. தூரமோ ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. மழைக்காலம் இன்னொரு சங்கதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போய், கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீன்பிடித் தொழில் நின்றுபோனது. மறு மார்ச்சில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எழுதிய தேர்வும் மற்ற மாவட்டத்துப் பிள்ளைகள் எழுதிய தேர்வும் ஒரே வினாத்தாள்தான். அதே வரிசையில்தான் விழுக்காடும் போடப்பட்டது.

இருளர் குடியிருப்பில் கேள்வி இன்னும் வேறு. சாதிச் சான்றிதழ் இல்லாத பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, வட்டாட்சியர் அலுவலகம், கோட்டாட்சியர் அலுவலகம் என்று அந்தக் குடும்பத்தோடு அலைய ஆசிரியர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் அதுதான் நல்ல பள்ளி. அப்படிப்பட்ட ஒரு தலைமையாசிரியையை எனக்குத் தெரியும். பெரிய பள்ளி. யார் வந்தாலும் சேர்ப்பார், மற்றப் பள்ளிகள் விடுவித்தவர்களையும் சேர்ப்பார். ஒன்பதில் யாரையும் நிறுத்த மாட்டார். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் போய்த்தான் ஆக வேண்டும். அவருடைய விழுக்காடு பெரும்பாலும் சராசரிக்குக் கீழேதான் நிற்கும். கூட்டத்தில் எழுந்து நிற்பார். விளக்கம் கேட்டால், “சேர்ந்தவங்க எல்லாரும் எழுதியிருக்காங்க சார்” என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். மணலிப் பக்கத்தில் நான் பார்த்த சிறந்த பள்ளி அது. எந்தப் பட்டியலிலும் அது முதலில் வந்ததில்லை.

பிளஸ் ஒன் சேர்க்கைக்கு வந்தால் ஒப்பீடு மறுபடி மாறும். உயர்நிலைப் பள்ளியில் பத்து முடித்தவர் வேறு மேல்நிலைப் பள்ளி தேட வேண்டும். பலகையில் முதல் குரூப் உண்டு என்று எழுதியிருக்கும்; இயற்பியலுக்கு முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை பெற்றோர் ஆசிரியர் கழகச் சம்பளத்தில் யாராவது வருகிறாரா என்பதைப் பலகை சொல்லாது. நேரில் போய்க் கேட்க வேண்டும். அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா என்பதையும் இப்போது கவனிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021-லும் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். மாநகராட்சிப் பள்ளியும் இதில் அடங்கும். உதவிபெறும் பள்ளி அடங்காது. எட்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, பேர் இருக்கிறது என்று ஒன்பதில் உதவிபெறும் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டத்தை உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கும் பின்னர் விரிவாக்கினார்கள். 7.5-க்கு அப்படி விரிவு கிடையாது. பதினோராம் வகுப்பு விண்ணப்பத்தோடு வந்து நிற்கும் பெற்றோரிடம் இதைச் சொன்னால் பயனில்லை. ஆறாம் வகுப்பிலேயே சொல்லியாக வேண்டும்.

இங்கிலாந்தில் 2016 முதல் ‘புரோகிரஸ் 8’ என்று ஓர் அளவை வைத்துப் பார்த்தார்கள். தொடக்கப் பள்ளியை முடிக்கும்போது பிள்ளை எங்கே இருந்தது, பதினாறு வயதில் எங்கே வந்தது என்ற தூரத்தை அளப்பது அது. குறைகள் அதிலும் உண்டு. ஆனால் கேள்வி சரியானது. நமக்கு அவ்வளவு நுட்பம்கூட வேண்டாம். முதல் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஆகஸ்ட் 1 அன்று இருந்த எண்களில் எத்தனை, அடுத்த கல்வியாண்டின் தேர்ச்சிப் பட்டியலில் இருக்கின்றன என்று கணினியிடம் கேட்டால் ஒரு பிற்பகலில் பதில் வந்துவிடும். பள்ளிவாரியாக அந்த ஒரு எண்ணைத் தேர்ச்சி விழுக்காட்டின் பக்கத்தில் அச்சிட்டாலே ஆய்வுக் கூட்டத்தில் யார் எழுந்து நிற்பார்கள் என்பது மாறிவிடும். பள்ளிக் கல்வித் துறைக்கு நான் வைக்கும் கோரிக்கை இது ஒன்றுதான்.

அதுவரை பெற்றோர்தான் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், தலைமையும் பெற்றோருக்கே. கூட்டத்தில் டீயைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வராதீர்கள். போன கல்வியாண்டின் ஆகஸ்ட்டில் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், இந்த வருடம் எத்தனை பேருக்கு ஹால் டிக்கெட் என்று கேளுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், குறைந்தவர்களின் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். அதில் உங்கள் தெருப் பிள்ளை யாராவது இருப்பார்கள்.